சிறுவர் கற்பனைக் கதைகளின் முதல் பதிப்பை அடையாளம் காண்பது எப்படி, எதிலிருந்து சேகரிக்கத் தொடங்கலாம்?

முதலில் எதையும் வாங்காமல் இருங்கள். ஒரே ஒரு எழுத்தாளரையோ ஓவியரையோ பிடித்துக்கொண்டு, அவருடைய புத்தகங்கள் எப்படி அச்சாயின என்பதை அக்குவேறு ஆணிவேறாகப் படியுங்கள். இந்த ஆசையில் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் பழைய வருடம் போட்டிருப்பதைப் பார்த்த உடனே முதல் பதிப்பு என்று நம்பிவிடுகிறவர்கள்தான்.

சேகரிப்பவர்கள் கேட்பது முதல் பதிப்பின் முதல் அச்சை. அதே புத்தகத்தைச் சில மாதம் கழித்து மறுபடி அடித்தால் பதிப்பு மாறாது, ஆனால் அச்சு மாறிவிடும், விலை தடாலென்று இறங்கிவிடும். டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937 செப்டம்பர் 21 அன்று லண்டனில் வெளியானது. முதலில் அடித்தது 1,500 பிரதிகள். டிசம்பருக்குள் அவை தீர்ந்து, இரண்டாம் அச்சும் வந்துவிட்டது. இரண்டுக்கும் வருடம் 1937தான். சொல்லப்போனால் இரண்டாம் அச்சுதான் பார்க்க அழகு, டோல்கீன் வரைந்த வண்ணப் படங்கள் அதில்தான் சேர்ந்தன. ஆனாலும் கருப்பு வெள்ளைப் படங்கள் மட்டும் உள்ள முதல் அச்சுக்குத்தான் போட்டி!

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 1951-ல் வந்த இரண்டாம் பதிப்புக்காக, இருட்டில் விடுகதை போடும் அத்தியாயத்தை டோல்கீன் மாற்றி எழுதினார். அதற்கு முந்தைய பிரதிகளில், குகையில் வாழும் கொல்லம் என்ற பாத்திரம் தன் மாய மோதிரத்தையே பந்தயப் பரிசாகத் தருவதாகச் சொல்கிறான், தோற்றதும் கதாநாயகன் பில்போவுக்கு வெளியே போக வழியும் காட்டுகிறான். ஆக 1951-க்கு முந்தைய எந்த அச்சு கிடைத்தாலும் கதை வேறு. பெருமைக்காக வாங்காமல் படிக்கிற ஆசையில் வாங்குகிறவருக்கு நான் சொல்வது இப்படிப்பட்ட பிரதிகளைத்தான்.

சரி, முதல் அச்சை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் பிழைகள்தான் காட்டிக்கொடுக்கும். ஹாபிட்டின் தாள் மேலுறையில், பின்பக்கம் உள்ளே மடியும் பகுதியில், ஆலிஸ் கதையை எழுதிய லூயிஸ் கரோலின் இயற்பெயரான டாட்ஜ்சன் என்பதில் ஓர் 'ஈ' எழுத்து கூடுதலாக அச்சாகிவிட்டது. பதிப்பகத்தார் அதைப் பேனா மையால் கையாலேயே அடித்துத் திருத்தினார்கள். அந்த மைக்கோட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அச்சு மையிலிருந்து தனியாகத் தெரியும். 1997-ல் வந்த முதல் ஹாரி பாட்டர் புத்தகத்தில் 53-ம் பக்கத்துப் பள்ளிச் சாமான் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு தடவை வருகிறது. கூடவே காப்புரிமைப் பக்கத்தில், எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும் எண் வரிசை 10-ல் தொடங்கி 1-ல் முடிய வேண்டும். கெட்டி அட்டையில் அடித்தது 500 பிரதிகள்தான், அதிலும் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போய்விட்டது.

எண் வரிசையில் 1 இருந்தால் முதல் அச்சு என்பதை எல்லாப் பதிப்பகத்துக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் ரேண்டம் ஹவுஸ் பல வருடம் முதல் அச்சிலேயே 'முதல் பதிப்பு' என்ற சொல்லையும் போட்டு, வரிசையை 2-ல் தொடங்கியது. பழைய புத்தகங்களில் எண் வரிசையே கிடையாது. ரோல்ட் டாலின் 'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' முதலில் வந்தது 1964-ல், அவர் வாழ்ந்த இங்கிலாந்தில் அல்ல, அமெரிக்காவில். அதன் முதல் அச்சுக்குக் கடைசிப் பக்கத்து அச்சுக் குறிப்பில் ஆறு வரிகள் இருக்கும், பிந்தையவற்றில் ஐந்து. எந்தப் புத்தகத்துக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பது, அந்தந்த எழுத்தாளரின் புத்தகங்கள் எப்போது, எப்படி அச்சாயின என்று தொகுத்த நூல்விவரப் பட்டியலில்தான் கிடைக்கும். அதனால்தான் ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

உச்சத்தில் இருப்பது 1865-ன் ஆலிஸ். அச்சு திருப்தியாக இல்லை என்று ஓவியர் டென்னியல் சொன்னதும், லூயிஸ் கரோல் 2,000 பிரதிகளையும் நிறுத்திவைத்து வேறு அச்சகத்தில் மறுபடி அடிக்கவைத்தார். ஒதுக்கிய தாள்களை நியூயார்க் பதிப்பகம் ஒன்று வாங்கி, தலைப்புப் பக்கத்தை மட்டும் மாற்றி 1866-ல் விற்றது. 1865 தலைப்புப் பக்கத்தோடு தப்பியவை இருபத்து சொச்சம்தான். இதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்து ரசிக்க வேண்டியது.

மேலுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தைகள் படித்த புத்தகம் என்பதால் அந்தத் தாள்தான் முதலில் கிழிந்து குப்பைக்குப் போயிருக்கும். அதனால் புத்தகத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். இங்கேதான் ஏமாற்றும் அதிகம். நகலெடுத்த மேலுறையைப் போட்டு, அதைச் சொல்லாமலே விற்கிறவர்கள் உண்டு. மடிப்பில் பாருங்கள்: பல வருடம் மடிந்து கிடந்த காகிதம் அந்தக் கோட்டில் நைந்து, நிறம் தேய்ந்திருக்கும். நகலில் மடிப்பு புதிதாக இருக்கும், உட்புறம் ஒரே வெள்ளையாக இருக்கும், உருப்பெருக்கியில் படம் சீரான வண்ணப் புள்ளிகளாக உடையும். உள்மடிப்பின் மூலையில் விலை அச்சாகியிருக்கிறதா, வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். விலையே அச்சாகாமல் இருந்தால் அது புத்தகக் கழகப் பதிப்பாக, அதாவது கழக உறுப்பினர்களுக்கென்று தனியாக அடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எதில் தொடங்கலாம் என்றால் என் ஓட்டு சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா வரிசைக்கு. 1950 முதல் 1956 வரை வருடத்துக்கு ஒன்றாக வந்த ஏழு புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் பாலின் பெய்ன்ஸ் படங்கள். முதல் ஐந்தை ஜெஃப்ரி பிளெஸ் வெளியிட்டார், கடைசி இரண்டும் பாட்லி ஹெட். முதல் புத்தகத்தின் விலை மலைக்கவைக்கும், அதை விட்டுவிட்டு பின்னால் வந்தவற்றில் நல்ல நிலையில் உள்ள ஒன்றைத் தேடுங்கள். நூலக முத்திரை விழுந்த பிரதியைச் சந்தை மட்டமாகத்தான் பார்க்கும். ஆனால் ஒரு குழந்தை தன் பெயரைப் பென்சிலால் கோணல்மாணலாக எழுதிய பிரதியை நான் ஒதுக்கமாட்டேன். அதை அழிக்கவும் வேண்டாம், ரப்பர் காகிதத்தைச் சுரண்டிவிடும்.

வாங்கிய பிறகு வெயில் படாத அலமாரி, அமிலமில்லாத தெளிவான பாலியெஸ்டர் உறை, ஈரப்பதம் ஏறி இறங்காத அறை, இவ்வளவு போதும். கிழிந்த மேலுறையில் செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

அப்புறம், விற்பவரிடம் காப்புரிமைப் பக்கம், மேலுறையின் இரண்டு உள்மடிப்புகள், முதுகு ஆகியவற்றின் புகைப்படங்களைக் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.