பூட்டு உடைந்தாலும் கதவு திறக்கக் கூடாது: இந்த வேலைக்கு என்ன படிக்கலாம்?

மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் "பூட்டு டிசைன் செய்யப் போகிறேன்" என்கிறான், இதற்கெல்லாம் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டு ரிப்பேர் வேறு, பூட்டு டிசைன் வேறு. அந்த வேலைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். படிப்பை அப்புறம் பேசலாம்.

கம்பியால் நோண்டித் திறப்பவனைத் தடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, சுத்தியலும் ட்ரில்லும் காஸ் கட்டருமாக வருபவனுக்காக. பெட்டகத்தின் எண் பூட்டையே எடுத்துக்கொள்வோம். டயலைத் தட்டி எடுத்துவிட்டு, அதன் தண்டை ஓங்கி அடித்து உள்ளே தள்ளினால் பூட்டின் பின்மூடி பிய்ந்து சக்கரங்கள் சிதறும். தாழைத் தடுத்து நிறுத்த அப்புறம் எதுவும் இல்லை. இதற்குத்தான் ரீலாக்கர். பின்மூடி தன் இடத்தில் இருக்கும்வரை ஸ்ப்ரிங் வைத்த சின்ன முள் ஒன்று அடங்கிக் கிடக்கும். மூடி விலகியதும் பாய்ந்து தாழின் பள்ளத்தில் விழும். பிறகு சரியான எண்ணைப் போட்டாலும் திறக்காது.

விலை உயர்ந்த பெட்டகங்களில் பூட்டை மறைத்து டஃபன்டு கண்ணாடித் தகடு ஒன்று இருக்கும். அதில் கட்டிய கம்பிகள் கூடுதல் தாழ்களை இழுத்துப் பிடித்திருக்கும். ட்ரில் நுனி பட்டால் கண்ணாடி நொறுங்கும், கம்பி தளரும், தாழ்கள் பாயும். காஸ் கட்டர் வந்தால், குறைந்த சூட்டிலேயே உருகும் உலோக இணைப்பு ஒன்று இதே வேலையைச் செய்யும். வீட்டுக் கதவின் யூரோ சிலிண்டரில், அதாவது சாவி நுழையும் உருளை வடிவப் பூட்டில், கதை வேறு மாதிரி. நடுவில் அதைக் கதவோடு பிடிக்கும் எம்5 (5 மி.மீ.) ஸ்க்ரூ துளை இருக்கும் இடம்தான் மெலிந்தது. முறுக்கினால் அங்கேதான் ஒடியும். அதனால் முன்பக்கம் வேண்டுமென்றே ஒரு வெட்டு கொடுத்து, ஒடிவதாக இருந்தால் அங்கே ஒடியட்டும் என்று விடுகிறார்கள். மீதித் துண்டு கதவைக் காக்கும்.

யோசனை பழையதுதான். இங்கிலாந்தில் ஜெரமையா சப் 1818இல் செய்த பூட்டில், சாவி தூக்கும் தகடுகளான லீவர்களில் ஒன்றை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு இறுகிக்கொள்ளும். உரியவர் அதற்கென்றே உள்ள தனிச் சாவியைப் போட்டால்தான் விடும். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சி சமயத்தில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதையும் திறந்து காட்டினார். தன் பூட்டு வெல்லமுடியாதது என்று நம்பும் டிசைனருக்கு இந்தத் துறை சரிப்படாது.

பெரிய தலைவலி திருடனே வராதபோது ரீலாக்கர் பாய்வது. கதவை அறைந்து சாத்தியது, லாரியில் ஏற்றிய குலுக்கல், பின்மூடி ஸ்க்ரூ தளர்ந்தது, எதுவும் போதும். உரியவரே வெளியே நிற்பார்; டெக்னீஷியன் வந்து துளைபோட வேண்டும். நேர்மாறான கோளாறு இன்னும் மோசம்: கிரீஸ் இறுகியோ பெயின்ட் படிந்தோ முள் சிக்கிக்கொள்ளும், உடைப்பு நடக்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது. மூன்றாவது, பூட்டையும் ரீலாக்கரையும் ஒரே ஸ்க்ரூக்கள் தாங்குவது. ஒரே அடியில் இரண்டும் போகும்.

கணக்கு இங்கேதான் நுழைகிறது. பள்ளம் முள்ளைவிட 0.3 மி.மீ. அகலம் என்றால் பக்கத்துக்கு 0.15 மி.மீ. இடைவெளி. இடையில் 4 பாகங்கள் அடுக்கி வந்து, ஒவ்வொன்றும் ±0.05 மி.மீ. தவறலாம் என்றால் மொத்தம் ±0.2 மி.மீ. இது 0.15ஐத் தாண்டிவிடுவதால், தவறுகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் முள் பள்ளத்தில் விழாமல் விளிம்பில் முட்டி நிற்கும். அதே முள்ளை முழுக்கக் கடினப்படுத்தினால் அடியில் ஒடியும். மேல்தோல் கடினமாகவும் உள்ளே வளைந்து தாங்குவதாகவும் இருக்க வேண்டும். ஆகவே டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்), ஸ்ப்ரிங் டிசைன், ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிக் கடினப்படுத்துவது), ஜிங்க் டை காஸ்டிங் (துத்தநாகத்தை உருக்கி அச்சில் வார்ப்பது), இந்த நான்கிலும் பையன் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது. கணினியில் வரையும் கேட் (CAD) எல்லோருக்கும் தெரியும். அது மட்டும் போதாது.

பூட்டுக்கென்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். டிப்ளமோ முடித்ததும் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம், அல்லது டூல் டிசைன் (பாகங்கள் செய்யும் அச்சு, கருவிகளை வடிவமைப்பது) பக்கம் போகலாம். ஐதராபாத்தில் அதற்கென்றே மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. என் கருத்தில் டூல் ரூமில் கை பழகியவருக்கு இத்துறையில் தனி மதிப்பு. பெட்டகப் பூட்டுக்கான இஎன் 1300, யுஎல் 768, பெட்டகத்துக்கான ஐஎஸ் 550 ஆகிய தரநிர்ணயங்களின் பெயராவது இப்போதே தெரிந்திருக்கட்டும்.

வேலை எங்கே? 1897இல் பம்பாயில் பூட்டில் தொடங்கிய கோத்ரெஜ் இன்றும் பூட்டு செய்கிறது. ஆனால் பூட்டு மட்டுமே செய்யும் கம்பெனிகளில் டிசைன் இடங்கள் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. கார் கதவு லாட்ச், ஸ்டீயரிங் லாக் செய்யும் நிறுவனங்களும் இதே திறமையைத்தான் கேட்கின்றன. முதல் வேலையை அங்கே தேடுவது புத்திசாலித்தனம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பட்டறைகளுக்கு விடுமுறையில் போய்வரட்டும். சம்பளத்துக்கு அல்ல, அரத்தால் லீவரை ராவிப் பொருத்தும் கையைப் பார்க்க.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு: பழைய லீவர் பூட்டு ஒன்றை விலைக்கு வாங்கி, பக்கத் தகட்டை அறுத்து, ஒவ்வொரு பாகத்தையும் வெர்னியரால் அளந்து வரையட்டும். பிறகு அக்ரிலிக் மூடி போட்டு, சொந்தமாக ஒரு ரீலாக்கர் பொருத்தட்டும். 100 முறை மூடியைக் கழற்றி எத்தனை முறை முள் சரியாக விழுந்தது, 50 முறை மேசைமேல் தட்டி எத்தனை முறை வீணாகப் பாய்ந்தது என்று தேதியோடு எழுதி வைக்கட்டும். நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ் ஃபைலோடு அந்த நோட்டும் பூட்டும் பையில் இருக்க வேண்டும்.