முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழ்ப்படிந்தால் கணக்கில் வருமா?

கேள்வி: மாமியார் படுக்கையில் விழுந்து மூன்று வருடம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஞாயிறு ஆராதனை, காணிக்கை, உபவாச ஜெபம் எதையும் விட்டதில்லை. ஆனால் எதிலும் சந்தோஷம் இல்லை. ‘மகிழ்ச்சியோடே கர்த்தருக்கு ஆராதனைசெய்து’ என்று நூறாம் சங்கீதம் வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். இந்தக் கீழ்ப்படிதலை ஆண்டவர் ஏற்பாரா?
— ஒரு சகோதரி, தரங்கம்பாடி அருகே

அன்புச் சகோதரிக்கு,

ஏற்பார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வயல் கடைமடை. தண்ணீர் முறை பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்குமேல்தான் வாய்க்கும். எழுப்பினால் அப்பா மேல்மடைக்காரனில் ஆரம்பித்து மேட்டூர் வரைக்கும் திட்டிக்கொண்டே மண்வெட்டியையும் டார்ச்சையும் எடுப்பார். ‘வித்துட்டுப் போயிடறேன் பாரு’ என்பார். விடிந்து போய்ப் பார்த்தால், முழங்கால்வரை சேற்றோடு வரப்பில் உட்கார்ந்து, வாய்மடையில் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

மத்தேயு 21-இல் வரும் மூத்த மகனும் எங்கள் அப்பா ரகம்தான். திராட்சத்தோட்டத்துக்கு வேலைக்குப் போ என்று தகப்பன் சொன்னதற்கு ‘மாட்டேன்’ என்றான், அப்புறம் போனான். தகப்பன் சித்தத்தைச் செய்தவன் அவனே என்பதை இயேசு கேட்டவர்களின் வாயாலேயே சொல்லவைத்தார். கிளம்பும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்ற பேச்சே அங்கே இல்லை.

ஆனால் லூக்கா 15-இல் இன்னொரு மூத்த மகன் இருக்கிறான். வயலிலிருந்து வருகிறான், ஒரு கட்டளையையும் மீறாதவன், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்கு விருந்து நடப்பதைக் கண்டு, தனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லை என்று பொருமுகிறான். ‘எதையும் விட்டதில்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவன் ஞாபகம்தான் வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். தகப்பன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ‘எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது’ என்றார். அவனோ தன் சொந்த வீட்டிலேயே கூலியாள் மாதிரி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, ஒன்று கேட்கிறேன். மாமியாரைத் தனியாகவே பார்க்க வேண்டும் என்று வேதத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது? ‘மருமகள்தான் செய்யணும்’ என்பது ஊர்ச் சொல். ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்ற கட்டளை முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் பொருந்தும்! உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேவன் சொன்னதோடு ஊர் சொன்னதையும் சேர்த்துச் சுமந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும், அதை விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வருகிற ஞாயிறு சாயங்காலக் கஞ்சியை அவர் ஊட்டட்டும். சிந்தினால் சிந்தட்டும், நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் டேனிஷ் கோட்டைப் பக்கம் போய்க் கடலைப் பார்த்து உட்காருங்கள். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில், 1708 கடைசியில் பிடிபட்டு, ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு நான்கு மாதம் சிறைப்பட்டிருந்த ஊர் அது. தினமும் பாடிக்கொண்டேவா இருந்திருப்பார்? வெளியே வந்து 1711-இல் வேலையை முடித்தார்.

அங்கே உட்கார்ந்து ஜெபித்தே ஆக வேண்டும் என்பதில்லை. திரும்பி வந்து மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது எப்படி இருந்தது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.