அப்பாவின் 18 சென்ட்டும் 44ஆவது திருத்தமும்

கேள்வி: தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் எங்களுக்கு ஒரு ஏக்கர் 10 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. 2008இல் ஊர்ச்சாலையை அகலப்படுத்தியபோது தோப்பின் ஓரத்தில் 18 சென்ட்டை எடுத்துத் தார் போட்டுவிட்டார்கள். ஒன்பது தென்னை போயிற்று. நோட்டீஸ் வரவில்லை, ஒரு ரூபாய்கூட இழப்பீடு தரவில்லை. அப்பா பலமுறை மனு கொடுத்துப் பார்த்தார். 2016இல் காலமாகிவிட்டார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான், முழுப் பரப்புக்கும் இருக்கிறது. போன மாதம் நானும் அம்மாவும் அலுவலகத்தில் போய்க் கேட்டோம். "சொத்துரிமையெல்லாம் இப்ப அடிப்படை உரிமையே இல்லம்மா. திருத்தம் கொண்டுவந்து எடுத்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்கப்பா வாய்வார்த்தையா சம்மதிச்சுத்தான் ரோடு போட்டோம். கேஸ் போட்டாலும் நிக்காது" என்றார்கள். இது உண்மையா? ஒரு உரிமையைத் திருத்தம் போட்டு எடுக்க முடியும் என்றால், நாளைக்கு மற்ற உரிமைகளையும் எடுத்துவிடலாம்தானே?

பதில்: அலுவலகத்தில் சொன்னதில் முதல் வாக்கியம் மட்டும் சரி. சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை இல்லை. அதை வைத்துக்கொண்டு உங்கள் 18 சென்ட்டைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டினார்களே, அங்கேதான் தவறு. இது எனக்குப் புதிதில்லை. நில வழக்குகளோடு வருகிறவர்களில் பாதிப்பேர் இதே வசனத்தை எங்கேயோ கேட்டு, மனம் விட்டுப்போய்த்தான் வருகிறார்கள். அதனால் அந்தத் திருத்தம் எதை எடுத்தது, எதை விட்டுவைத்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது சொத்துக்கு இரட்டைக் காவல் இருந்தது. பிரிவு 19(1)(எஃப்), சொத்தை வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் குடிமக்களுக்கு உரிமை கொடுத்தது. பிரிவு 31, அரசு நிலம் எடுத்தால் பொதுக்காரியத்துக்காக மட்டுமே எடுக்கவேண்டும், இழப்பீடும் கொடுக்கவேண்டும் என்றது. இரண்டுமே அடிப்படை உரிமைகள் பகுதியில் இருந்தன.

சிக்கல் உடனே வந்தது. ஜமீன்களை ஒழித்து உழுபவனுக்கு நிலம் தர மாநிலங்கள் சட்டம் போட்டன, ஜமீன்தார்கள் இதே அடிப்படை உரிமைகளைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். பீகார் சட்டத்தை 1951இல் பாட்னா உயர் நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் நம் சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசியலமைப்புக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை, 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்துவிட்டது. கல்வி நிலையங்களில் இடஒதுக்கீட்டுக்கு இடம் தரும் பிரிவு 15(4) அதில் வந்ததுதான். நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் கோர்ட்டின் கையிலிருந்து காப்பாற்ற ஒன்பதாவது அட்டவணை என்ற பெட்டகமும் அதில்தான் வந்தது. முதலில் அதற்குள் வைத்தவை 13 சட்டங்கள்.

அப்புறம் கால் நூற்றாண்டு இழுபறி. இழப்பீடு என்றால் நியாயமான முழு மதிப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1955இல் நான்காவது திருத்தம், கொடுத்த இழப்பீடு போதுமா என்று கோர்ட் கேட்கக் கூடாது என்றது. பிறகும் கோர்ட் வேறு வழியாகக் கேட்டது. 1971இல் 25ஆவது திருத்தம் 'இழப்பீடு' என்ற சொல்லையே தூக்கிவிட்டு 'தொகை' என்று மாற்றியது. ஒரு சொல்லை வைத்து இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். உங்கள் அப்பாவுக்கு அந்தத் தொகைகூட வரவில்லையே, அதனால் அந்தச் சொல்லின் எடை உங்களுக்குத் தெரியும்.

கடைசியில், நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த மொரார்ஜி தேசாய் அரசு 1978இல் 44ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. 1979 ஜூன் 20 முதல் பிரிவு 19(1)(எஃப்), பிரிவு 31 இரண்டும் நீங்கின. உங்களிடம் சொன்ன கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அதே திருத்தம், அதே நாளில், பிரிவு 300ஏ என்று ஒன்றைச் சேர்த்தது. ஒரே ஒரு வரிதான்: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது.

ஆக, உரிமை அழிந்துபோகவில்லை. அடிப்படை உரிமை என்ற அறையிலிருந்து அரசியலமைப்பின் இன்னொரு அறைக்கு மாறியிருக்கிறது. இதனால் நிஜமாகவே சில இழப்புகள் உண்டு, மறைக்கவில்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டால் பிரிவு 32இன்படி நேராக டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். சொத்துக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது. இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்பதைச் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்ற அரசுக்கு முன்பைவிடக் கூடுதல் இடமும் கிடைத்தது. ஆனால் உயர் நீதிமன்றத்தின் பிரிவு 226 வாசல் முழுசாகத் திறந்திருக்கிறது. அந்தப் பிரிவு அடிப்படை உரிமைகளுக்கு மட்டும் உரியதல்ல, வேறு எந்தச் சட்ட உரிமைக்காகவும் அங்கே ரிட் மனு, அதாவது அரசுக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேட்கும் மனு, போடலாம். உங்களுக்கு மதுரைக் கிளை பக்கம்தான். டெல்லி வாசல் மூடியதால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், ரயில் செலவு மிச்சம் என்றுதான் சொல்வேன்.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். 300ஏ கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தீர்கள்? 2008இல் சாலைக்கு நிலம் எடுப்பது என்றால் 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி எடுத்திருக்கலாம், அல்லது மாநில நெடுஞ்சாலைத் திட்டமாக இருந்தால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001இன்படி எடுத்திருக்கலாம். எதுவானாலும் காகிதம் இருக்கவேண்டும். அறிவிக்கை, நோட்டீஸ், ஆட்சேபம் கேட்ட பதிவு, இத்தனை ரூபாய் என்று நிர்ணயித்த உத்தரவு, அதாவது நாம் அவார்டு என்று சொல்வது. இவை இல்லையென்றால் எடுத்தது சட்டத்தின் அதிகாரத்தோடு அல்ல, ஜேசிபியின் அதிகாரத்தோடு.

இதேபோல ஒரு வழக்கு இமாச்சலப் பிரதேசத்தில் நடந்தது. 1967 வாக்கில் ஒரு கிராமத்துப் பெண்ணின் நிலத்தில், நில எடுப்பு நடவடிக்கையே இல்லாமல், அரசு சாலை போட்டுவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் பல பத்தாண்டு கழித்துத்தான் கோர்ட்டுக்கு வந்தார். வாய்வார்த்தையாகச் சம்மதித்தார்கள், இத்தனை வருஷம் சும்மா இருந்தார்கள், நீண்ட அனுபவத்தால் நிலம் அரசுக்கே சொந்தமாகிவிட்டது என்றெல்லாம் அரசுத் தரப்பு வாதாடியது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மூன்றையும் தள்ளியது. மக்கள்நல அரசு தன் குடிமக்களின் நிலத்தை எதிர் அனுபவம் சொல்லிச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்றது. பக்கத்து நிலங்களுக்குக் கொடுத்த அதே கணக்கில் அவருக்கும் இழப்பீடு தரச் சொன்னது. உங்கள் அலுவலகத்தில் சொன்ன 'வாய்வார்த்தை'க்கு இதைவிட நல்ல பதிலை நான் எழுதிவிட முடியாது.

2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் விளக்கமாகவே சொன்னது. அந்த ஒரு வரிக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்றது. முன்கூட்டி நோட்டீஸ், ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு, காரணம் எழுதிய முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நீங்கள் எழுதியபடி பார்த்தால், உங்கள் விஷயத்தில் சாலை என்ற பொதுநோக்கம் மட்டும்தான் தேறுகிறது.

அடுத்து உங்கள் இரண்டாவது கேள்வி. நாளைக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட முடியுமா? முடியாது. ஆனால் இந்தப் பதில் சுலபமாகக் கிடைத்ததல்ல. இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, இது இருந்தால் பிரிவு 368இன்படி அடிப்படை உரிமைகளையும் திருத்தலாம். மாநிலங்களின் சம்மதம்கூட அதற்குத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. இந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்ற கேள்வி 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகள் முன் முடிவானது. கேரளத்தின் காசர்கோடு பக்கத்து மடம் ஒன்றின் மடாதிபதி கேசவானந்த பாரதி போட்ட வழக்கு அது. தொடங்கியது நிலப் பிரச்சினையில்தான் என்பதைக் கவனியுங்கள். 7க்கு 6 என்று ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில், எதையும் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நீதிமன்ற மறுஆய்வு, சட்டத்தின் ஆட்சி போன்றவை அந்தக் கட்டமைப்பில் அடங்கும் என்று பிற்பாடு பல வழக்குகளில் சொல்லிவிட்டார்கள்.

ஒன்பதாவது அட்டவணைப் பெட்டகத்தையும் பிற்பாடு திறந்து பார்த்தார்கள், அதுவும் நம் நீலகிரி கூடலூரின் ஜன்ம நிலங்கள், அதாவது பரம்பரைப் பெருநிலங்கள், பற்றிய வழக்கில். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணைக்குள் வைத்த சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

திருத்தம் என்றாலே பறிப்பு என்று நினைத்துவிடவும் வேண்டாம். 18 வயதில் ஓட்டுப் போடுகிறோமே, அது 61ஆவது திருத்தம். 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமையானது 86ஆவது திருத்தத்தால். உங்கள் சொத்துரிமையைக் கீழே இறக்கிய அதே 44ஆவது திருத்தம்தான், நெருக்கடி நிலையிலும் உயிர், தனிமனித சுதந்திரத்துக்கான பிரிவு 21ஐ நிறுத்திவைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டது. 1975 முதல் 1977 வரை கோர்ட் கதவைத் தட்ட வழியில்லாமல் சிறையில் கிடந்தவர்களைக் கேட்டால், அந்தப் பேரத்தை லாபம் என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

சரி, செய்யவேண்டியது என்ன? முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் கட்டணம். சாலை போட்ட அலுவலகத்துக்கு ஒன்று, நில எடுப்பைக் கவனிக்கும் வருவாய்த் துறை அலுவலகத்துக்கு ஒன்று. சர்வே எண்ணைப் போட்டு, இந்த 18 சென்ட்டை எடுத்த அறிவிக்கையின் தேதி, அவார்டு எண், தொகை யாருக்குப் போனது, சம்மதக் கடிதம் இருந்தால் அதன் நகல், இவற்றை மட்டும் கேளுங்கள். ஏன், எதற்கு என்று வாதம் செய்யவேண்டாம். 30 நாளில் பதில் வரவேண்டும். 'ஆவணம் ஏதும் இல்லை' என்று எழுத்தில் வந்தால், அதுதான் உங்கள் வழக்கின் முதல் சாட்சி. ஒருவேளை அவார்டு இருந்து, பணம் உங்கள் அப்பா பெயரில் எங்காவது கட்டிக் கிடக்கிறது என்று வந்தால் பாதை வேறு, அதற்கு நாள் கணக்கும் கறாராக இருக்கும். பதில் கையில் கிடைத்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்து வையுங்கள். 2008க்கு முன்னாலிருந்த அடங்கலில் தென்னை எண்ணிக்கை இருந்தால் விடாதீர்கள், மரத்துக்கும் தனியாக மதிப்புப் போடவேண்டும். சர்வேயரை வைத்து அளந்து, சாலைக்குள் போன பரப்பைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்று வாங்குங்கள். மனுவில் அம்மா மட்டும் போதாது, வாரிசுகள் எல்லோரும் சேரவேண்டும். ஒரு அண்ணனை விட்டுவிட்டுப் போட்ட வழக்கு அந்த ஒரு காரணத்துக்காக இரண்டு வருஷம் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வழக்கில் உள்ள பலவீனம் காலதாமதம்தான். இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று நீதிபதி நிச்சயம் கேட்பார். இமாச்சல வழக்கு உங்களுக்குத் துணை நிற்கும் என்றாலும், அப்பா கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனுக்களின் ரசீதுகள் கிடைத்தால் பாரம் பாதி குறையும். பீரோவின் பழைய மஞ்சள் பையைக் கொட்டிப் பாருங்கள். அப்பாக்கள் அதையெல்லாம் தூக்கிப் போடுவதில்லை.

ரிட் மனுவில், சட்டப்படி நில எடுப்பு நடத்தி, 2014 முதல் நடைமுறையில் இருக்கும் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கணக்கில் இழப்பீடு தரச் சொல்லிக் கேட்கலாம். அதில் சந்தை மதிப்பும் மர மதிப்பும் சேர்ந்த தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை உண்டு. எந்த ஆண்டின் சந்தை மதிப்பு என்பதில் வாதம் வரும், அதற்குத் தயாராக இருங்கள். நிலத்தையே திருப்பிக் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பஸ் போகும் சாலையைப் பெயர்க்கச் சொல்லி எந்த நீதிபதியும் உத்தரவு போடமாட்டார். கோபத்தில் சாலையில் வேலி மட்டும் போட்டுவிடாதீர்கள், உங்கள் மேல் போலீஸ் கேஸ் வந்து நிற்கும்.

வக்கீல் கட்டணம் பெரிதென்று தயங்கினால், மதுரைக் கிளையிலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் அம்மா பெயரில் விண்ணப்பியுங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதற்கு வேரான பிரிவு 39ஏ, நெருக்கடி நிலையின்போது கொண்டுவந்ததால் எல்லோரும் திட்டும் 42ஆவது திருத்தத்தில் வந்தது.

இதற்கிடையில் 'சம்மதம்', 'தானம்', 'ஆட்சேபணை இல்லை' என்று எந்தக் காகிதத்தையாவது நீட்டினால் அம்மாவைக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவிடாதீர்கள். தகவல் மனுவை ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள்.