கனடாவில் முதல் விண்டர்: அக்காவிடம் கேளுங்கள்

ஸ்காபரோவில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர், புதிதாக வந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (பிரம்டன், மாணவர்): அக்கா, போன்ல மைனஸ் 20ன்னு காட்டுது. பக்கத்துலயே ‘ஃபீல்ஸ் லைக்’ மைனஸ் 33ன்னும் இருக்கு. எதை நம்புறது?

பதில்: வெளியில போறதுக்கு இரண்டாவதைப் பாருங்கோ தம்பி. எங்கட உடம்பு தன்னைச் சுற்றி மெல்லிய சூடான காற்றை வைத்திருக்கும். மணிக்கு 30 கிலோமீற்றரில் காற்று அடித்தால் அது பறந்துவிடும், தோல் வேகமாகக் குளிரும். அந்த இரண்டாவது எண் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40இல் 5 முதல் 10 நிமிடம் போதும். பஸ்ஸுக்கு நிற்கிற நேரம்தான் அது! பஸ் கிட்ட வந்திட்டுதா என்று போனில் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கோ.

கேள்வி (சென்னையிலிருந்து வந்தவர்): நிறைய செலவு பண்ணி நல்ல ஜாக்கெட் வாங்கிட்டேன். அப்பவும் காலும் கையும் விறைச்சுப் போகுது. ஜீன்ஸ், காட்டன் சாக்ஸ், ஷூ போட்டுக்கிட்டுதான் போறேன்.

பதில்: பிழை ஜாக்கெட்டில் இல்லை, பருத்தியில். பருத்தி வேர்வையையும் ஸ்னோ ஈரத்தையும் குடித்துவிட்டு லேசில் காயாது. ஈரம் இருந்தால் சூடு நிற்காது. தோலோடு ஒட்ட பொலியெஸ்டர் அல்லது கம்பளித் தெர்மல், அதுக்கு மேல் ஃபிளீஸ், எல்லாத்துக்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். ஜீன்ஸ்தான் வேணும் என்றால் உள்ளே தெர்மல் போடுங்கோ. கம்பளி சொக்ஸ் ஒன்று போதும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சொக்ஸ் திணித்தால் இரத்தம் ஓடாது, கால் இன்னும் விறைக்கும். விரல்கள் ஒன்றாக இருக்கிற மிட்டன்தான் கையுறையைவிடச் சூடு. சப்வேக்குள் ஏறினதும் ஜாக்கெட்டைத் திறந்துவிடுங்கோ. உள்ளே வேர்த்து, வெளியே வந்து நடுங்கிறதுதான் புது ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலை.

கேள்வி (லண்டன், ஒன்ராறியோ): ராத்திரி வேலை முடிஞ்சு நடந்து வந்ததுல விரல் நுனி மரத்துப் போச்சு. ரூம்மேட் நல்லா தேய்க்கச் சொல்றான். ஹீட்டர்ல காட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உறைந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே தசை கிழியும். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, ஹீட்டரில் பிடித்தால் வெந்த பிறகுதான் பார்ப்பீங்கள். 37 முதல் 39 பாகை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரமளவு வையுங்கோ. சூட்டை உங்கட முழங்கையால் பாருங்கோ, மரத்த விரலால் இல்லை. உணர்வு திரும்பும்போது கடுமையாக வலிக்கும், பயப்படாதேங்கோ. கொப்புளம் வந்தால் உடைக்காமல் டொக்டரிட்டப் போங்கோ. திரும்பவும் குளிருக்குள் நடக்க வேண்டியிருந்தால் இப்ப சூடாக்க வேண்டாம், உருகித் திரும்ப உறைவது இன்னும் மோசம்.

உறைந்த தோலைப் படங்களில் வெள்ளையாகக் காட்டுவார்கள். எங்கட நிறத்தில் அது சாம்பல் பூத்தது போல, மெழுகு பூசினது போலத் தெரியலாம். அதனால் நிறத்தைவிட உணர்வைக் கவனியுங்கோ. குத்திக் குத்தி வலித்த விரல் திடீரென்று ‘சுகமாகி’விட்டால் அதுதான் ஆபத்து. முழு உடம்புக்கும் இதே கதை. உடற்சூடு 35 பாகைக்குக் கீழே போனால் நடுக்கம், குழறின பேச்சு, தடுமாற்றம் வரும். ஒருவர் நடுங்குவதை நிறுத்திவிட்டு நித்திரை வருகுது என்றால் உடனே அவசர உதவி எண் 911க்கு எடுங்கோ. அவருக்கு விஸ்கி கொடுக்காதேங்கோ. தோலில் சூடு ஏறுகிற மாதிரி இருக்கும், ஆனால் அது உள்ளே இருந்த சூடு வெளியே போறது.

கேள்வி (ஸ்காபரோ): பேஸ்மென்டில குளிர் தாங்கேலாது. வீட்டுக்காரர் ஹீட்டைக் கூட்டுறாரில்லை. கரி அடுப்பைக் கொஞ்ச நேரம் உள்ளே வைக்கலாமோ?

பதில்: வைக்கவே கூடாது! கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, வாந்தி என்று தொடங்கி நித்திரையிலேயே கொண்டுபோய்விடும். சமையல் காஸ் ஓவனைத் திறந்து வைப்பதும் இதில் சேர்த்திதான். ரொறன்ரோவில் விண்டரில் வாடகை வீட்டுக்குள் 21 பாகையாவது இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். நகராட்சியின் 311 எண்ணுக்கு எடுத்துச் சொல்லுங்கோ, வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை.

கேள்வி (மிசிசாகா): ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கேன் அக்கா. செருப்பு போடக் கூடாது. கோயில் பார்க்கிங்ல இருந்து உள்ள வரைக்கும்தானே நடக்கிறோம்?

பதில்: விரதத்தில் நான் கைவைக்கவில்லை, காலைப் பற்றி மட்டும் சொல்லுறன். ஐஸ் உருகட்டும் என்று பார்க்கிங்கில் உப்புக் கொட்டுவார்கள், அந்த உப்புச் சேறு ஐஸைவிடக் கொடுமை. உப்பு கலந்த தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாமல் காலில் அப்பிக்கொள்ளும். தோல் சேராத பூட்ஸ் நிறையக் கிடைக்குது. வாசல்வரை அதைப் போடச் சம்மதமா என்று குருசாமியைக் கேளுங்கோ.

கேள்வி (மார்க்கம்): அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறா. 68 வயசு, சர்க்கரை. காலமை நடக்காமல் இருக்கமாட்டாவாம்.

பதில்: ஷொப்பிங் மோலுக்குள் நடக்கச் சொல்லுங்கோ, அங்கே அவவுக்குக் கூட்டாளிகளும் கிடைப்பினம். நீரிழிவில் கால் உணர்வு குறைந்திருந்தால் சப்பாத்துக்குள் ஸ்னோ போனதே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சொக்ஸைக் கழற்றிப் பாதம் இரண்டையும் நீங்களே பாருங்கோ. இன்சுலினைக் காரில் விட்டுவிடாதேங்கோ. ஒருமுறை உறைந்தால் உருகின பிறகும் அது உதவாது, எறியத்தான் வேணும். வெளியே கொண்டுபோனால் ஜாக்கெட்டின் உள்பையில். ஐஸில் நடக்கும்போது வழுக்காமல் பென்குயின் மாதிரிச் சின்ன அடி, கை பொக்கெட்டுக்கு வெளியே.

கேள்வி (அஜாக்ஸ்): கைக்குழந்தையை காரில ஸ்னோ ஜாக்கெட்டோட சீட்டில கட்டலாமா?

பதில்: கட்டாதேங்கோ. மோதினால் ஜாக்கெட் அமுங்கும், வார் தளரும். மெல்லிய உடுப்போடு வாரைக் கட்டி, மேலே போர்வையைப் போடுங்கோ.

கேள்வி (விட்பி): பழைய கார் வாங்கியிருக்கிறன். ஆல்-சீசன் டயர் காணாதோ?

பதில்: 7 பாகைக்குக் கீழே அந்த ரப்பர் இறுகி ரோட்டைப் பிடிக்காது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, போட்டால் இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் கழிவு உண்டு. டயர் பக்கத்தில் மலையும் பனித்துகளும் போட்ட அடையாளத்தைப் பார்த்து வாங்குங்கோ. பாலங்களுக்குக் கீழேயும் காற்று ஓடுவதால் அவைதான் முதலில் உறையும், அங்கே பிரேக்கை அமத்தாதேங்கோ.

ஸ்னோவுக்குள் மாட்டினால் காரை விட்டு நடக்க வெளிக்கிடாதேங்கோ. முதல் வேலை, புகைக்குழாயை மூடின ஸ்னோவைத் தோண்டி எடுப்பது. இல்லாவிட்டால் புகை காருக்குள்ளேதான் வரும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, காற்று வராத பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கோ. காரில் போர்வை, ஸ்னோ அள்ளுற சவள், போன் சார்ஜர் எப்பவும் கிடக்கட்டும்.