முழங்காலுக்குக் கரண்ட் பையா, உப்பு மூட்டையா?

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மான வலி. பல வருடமாகச் சர்க்கரையும் இருக்கிறது. கரண்டில் செருகினால் சூடாகும் ஜெல் பையை ஆன்லைனில் வாங்கலாம் என்கிறார் கணவர். மாமியாரோ, “உப்பு ஒத்தடம் போதும், காசைக் கரியாக்காதீங்க” என்கிறார். எது சரி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: என் ஓட்டு மாமியாருக்கு. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அட்டைப்பெட்டியில் ஜெல் என்று போட்டிருந்தாலும் பல பைகளில் இருப்பது தண்ணீர்தான். மலிவான சிலவற்றில் இரண்டு மின்முனைகள் நேராக அந்தத் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். தண்ணீர் வழியாகக் கரண்ட் பாய்ந்துதான் சூடேறுகிறது. சூடு ஏறியதும் தானாக நிற்க ஒரு சின்ன தெர்மோஸ்டாட் உண்டு. மொத்தப் பாதுகாப்பும் அந்தத் துக்கடா சமாச்சாரத்தை நம்பித்தான். அது ஒருநாள் மக்கர் பண்ணினால் உள்ளே ஆவி கட்டி, பை பலூன் மாதிரி உப்பி வெடிக்கும். கசிகிற பையை ப்ளக்கில் இருக்கும்போது தொட்டால் ஷாக்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: தரையிலோ மேஜையிலோ வைத்துச் சூடேற்றுங்கள், பக்கத்திலேயே இருங்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகே உடம்பில் வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டே சார்ஜ் போடுவது மட்டும் கூடவே கூடாது.

உப்பு மூட்டையில் இந்த வம்பு இல்லை. அடுப்பை விட்டு இறக்கிய நிமிடத்திலிருந்து ஆறத்தான் செய்யும், கூடுதலாகச் சூடேற வழியில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒத்தடம் கொடுப்பவர் மூட்டையை ஒற்றி ஒற்றி எடுப்பார், ஒரே இடத்தில் அழுத்தி வைப்பதில்லை. ஜெல் பையைக் காலில் கட்டிவிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்தால் அதை யார் எடுப்பது? 60 டிகிரி சூடு சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கும். 44 டிகிரி என்பது கை பொறுக்கிற சூடுதான், ஆனால் ஆறு மணி நேரம்போல ஒரே இடத்தில் இருந்தால் அதுவும் சுடும். தூங்கிப்போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். “சுடுதாம்மா?” என்று கேட்டால் “இல்லையே” என்பார்கள், மறுநாள் கொப்புளம் நிற்கும். அதனால் ஒத்தடம் கொடுக்கலாமா என்று அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சரி என்றால், சூட்டை உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவர் காலில் வைத்துச் சோதிக்க வேண்டாம். நடுவில் ஒரு துண்டு போட்டு 15 நிமிடம், மிஞ்சினால் 20. பாதத்தில் வேண்டவே வேண்டாம். தைலம் தேய்த்த இடத்திலும் சூடு வைக்காதீர்கள். மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டாலே கொதித்தால் ஒத்தடத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உப்பை வறுக்கிறபோது இரண்டு விஷயம். இரும்புச் சட்டி துருப்பிடித்துப்போகும், பழைய மண்சட்டி உத்தமம். கல்லுப்புக்குள் சிக்கியிருக்கும் ஈரம் ஆவியாகிப் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். ஒரு தட்டைப் போட்டு மூடி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போட்டு ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பர் வெந்நீர்ப் பையே போதும். ஒரே எடையில் எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் தண்ணீர் பிடித்து வைக்கும் சூடு உப்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. உப்பு மூட்டையை இரண்டு மூன்று தரம் மாற்ற வேண்டிய நேரத்துக்குப் பை ஒரே மூச்சில் தாங்கும். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றாமல் சற்று ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, உள்ளிருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். வாங்கும்போது மூடியின் வாஷரையும் தையல் போன்ற ஓர விளிம்பையும் பாருங்கள். பிரிட்டன் தரத்துக்குச் செய்த பைகளில் பூப்போல ஒரு முத்திரை இருக்கும்: நடுவில் உள்ள எண் தயாரித்த வருடம், இதழ்கள் மாதம். கடை அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்ததை உங்கள் தலையில் கட்டுகிறார்களா என்று தெரிந்துவிடும். ரப்பர் வெடிப்பு விட்டாலோ இரண்டு மூன்று வருடம் ஆனாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: தானியம் நிரப்பிய “இயற்கை வெப்பப் பை” என்று தொள்ளாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். மைக்ரோவேவில் வைத்தால் போதுமாம். கழுத்து வலிக்கு நல்லதா? வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: நல்லதுதான், வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது கோதுமையோ அரிசியோ ஆளி விதையோ. ரேஷன் அரிசி ஒரு கிலோவும் பழைய வேட்டியும் இருந்தால் கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று தைத்துக்கொள்ளலாம். லாவெண்டர் வாசனைக்காக இத்தனை ரூபாய் என்றால் என்ன சொல்வது!

துணி சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும், தைக்கிற நூலும் அப்படியே. பாலியஸ்டர் உருகி ஒட்டிக்கொள்ளும். வேட்டியை வெட்டும்போது கரையைத் தள்ளிவிடுங்கள், ஜரிகை உலோகம், மைக்ரோவேவில் பொறி பறக்கும். ஜிப், ஊக்கு, பிரஸ் பட்டன் எதுவும் ஆகாது. நீளப் பையாகத் தைத்து, முக்கால் பங்கு அரிசி போட்டு, குறுக்கே மூன்று நான்கு தையல் ஓட்டி அறை அறையாகப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தோளில் போட்டதும் அரிசியெல்லாம் இரண்டு முனைக்கும் ஓடிவிடும், வலிக்கிற நடுக்கழுத்தில் வெறும் துணிதான் இருக்கும். மேலே கழற்றித் துவைக்க ஓர் உறை. உள்பையில் தண்ணீர் படக்கூடாது. இட்லிப் பானையில் வைத்துச் சூடேற்றப் பார்க்காதீர்கள், ஈரம் கோத்துப் புளித்துவிடும்.

மைக்ரோவேவில் ஒரு சின்னக் கப் தண்ணீரையும் கூட வைத்து, முதலில் ஒரு நிமிடம். எடுத்துக் குலுக்கி, தொட்டுப் பார்த்து, தேவையானால் இன்னும் அரை நிமிடம். பை மடங்காமல் தட்டோடு சுற்றுகிறதா என்று பாருங்கள். அரிசிக்குள் இருக்கும் கொஞ்ச ஈரம்தான் அந்த இதமான, லேசாகக் கசகசக்கும் சூட்டைத் தருகிறது. ஒவ்வொரு தரமும் அது கொஞ்சம் போகும். காய்ந்துபோன அரிசி நடுவில் கருகி, சில சமயம் தீயே பிடிக்கும். பொரி வாசனை வந்தால் சரி, கருகல் வாசனை வந்தால் குப்பைக்கு. முழுக்க ஆறுமுன் மறுபடி சூடேற்றாதீர்கள், சூடான பையைப் போர்வைக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வண்டு விழாமலிருக்க டப்பாவில் மூடி வையுங்கள்.

பலன் எவ்வளவு? புதிதாக வந்த முதுகுவலிக்குச் சூடு சில நாட்களுக்குச் சிறிதளவு குறைவு தருகிறது என்று 2006-ல் வந்த காக்ரேன் (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அவ்வளவுதான். “நச்சை வெளியேற்றும்” என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது விளம்பரம்.

கேள்வி: கரண்ட் பை வாங்கி இரண்டே வாரத்தில் கசிகிறது. “இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்று விற்றவர் கையை விரிக்கிறார்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, பொருளே பழுது என்பது வேறு. பழுதான பொருளைத் திரும்ப வாங்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பையை எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. கசியும் இடத்தையும், பெட்டியில் இருக்கும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரியையும் படம் பிடித்து, பில்லோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

கேள்வி: காலையில் படியில் கணுக்கால் பிசகி வீங்கியிருக்கிறது. உடனே உப்பு ஒத்தடம் கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: இப்போது வேண்டாம். புது வீக்கத்தைச் சூடு இன்னும் கூட்டும். முதல் இரண்டு நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள், காலை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். ஊன்றி நாலு அடி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.