பச்சைக் குழந்தையைப் பார்க்க வீட்டோடு ஒரு ஆள்: கடன் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் தக்கலை பக்கம். எனக்கு இது ஐந்தாம் மாதம், முதல் பிரசவம். நாகர்கோவிலில் தனியார் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன், கைக்கு 31,000 ரூபாய் வரும். கணவர் தினமும் இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் டெக்னோபார்க் போய் வருகிறார், சம்பளம் 62,000. வீட்டுக் கடன் தவணை 24,000, வீட்டுச் செலவு 38,000. நகைச் சீட்டு 10,000, இன்னும் ஐந்து மாதம் கட்ட வேண்டும். வங்கியில் 2,40,000 ரூபாய் டெபாசிட் இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி, ராத்திரி எழுந்து நடமாட முடியாது. மாமியார் இல்லை. பச்சைக் குழந்தையைப் பார்ப்பதில் பயிற்சி பெற்ற ஆளை வீட்டோடு தங்க அனுப்புவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. மாதம் 36,000, குறைந்தது மூன்று மாதம், பதிவுக் கட்டணம் தனியாக 12,000. கணவர் பர்சனல் லோன் போடலாம் என்கிறார். அம்மா வளையலை அடகு வைக்கச் சொல்கிறார். அக்காவோ, ‘பிள்ளை பார்க்க ஒரு லட்சமா?’ என்று கேட்கிறாள். இது ஆடம்பரமா?

பதில்: ஆடம்பரம் இல்லை, சகோதரி. நம் மாவட்டத்தில் பேறுகாலம் என்பது தாய்வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து பார்த்த வேலை. வேதுத் தண்ணீர் கொதிக்க வைக்க ஒருத்தி, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒருத்தி, நல்லமிளகுக் குழம்பு வைக்க ஒருத்தி, நடு ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்த ஒருத்தி. அவர்கள் கூலி வாங்கவில்லை, அவ்வளவுதான். அந்த நாலு பேரில் உங்கள் வீட்டில் இப்போது இருப்பது மூட்டுவலியோடு உங்கள் அம்மா மட்டும். ஆகவே ஆள் வைப்பது சரி. ஆனால் ஏஜென்சி சொல்லும் மூன்று மாதக் கணக்கு உங்களுக்குச் சரிப்படாது. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் வரவு 93,000. தவணை, வீட்டுச் செலவு, சீட்டு எல்லாம் சேர்ந்து 72,000. மாதம் 21,000 மிஞ்சுகிறது. பிரசவத்துக்கு இன்னும் நாலு மாதம் இருப்பதால் 84,000 சேரும். ஆஸ்பத்திரிச் செலவை எழுதவில்லை. தனியாரில் சிசேரியன் வரை போய் 85,000 ஆகிறது, கணவரின் கம்பெனிக் காப்பீட்டில் பிரசவத்துக்கு 50,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், கைப்பணம் 35,000 போகும். மீதி 49,000. டெபாசிட்டைத் தொடாமல் உங்களிடம் இருக்கப்போவது இவ்வளவுதான்.

ஏஜென்சிக்கு மூன்று மாதத்துக்கு மொத்தம் 1,20,000. துண்டு விழும் 71,000-ஐ டெபாசிட்டில் எடுத்தால் அங்கே 1,69,000 நிற்கும். உங்களுக்குத் தவணையும் வீட்டுச் செலவும் மாதம் 62,000. மூன்று மாதத்துக்கு 1,86,000 ஆவது கையில் இருக்க வேண்டும், அதிலும் வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கும்போது அதற்குக் கீழே இறங்கவே கூடாது. பிறந்த பிள்ளையை நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கச் சொன்னால் அப்போது எங்கே ஓடுவீர்கள்?

பர்சனல் லோன் வேண்டாம். 1,20,000 ரூபாயை 14 சதவீத வட்டிக்கு இரண்டு வருடத் தவணையில் வாங்கினால் வட்டி மட்டும் 18,000 ரூபாயைத் தாண்டும். குழந்தை ஓடி விளையாடும்போதும் முதல் மூன்று மாதச் செலவுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். வளையலும் பெட்டியிலேயே இருக்கட்டும். உண்மையான அவசரம் வந்தால் ஒரே நாளில் பணமாக்கக்கூடியது அதுதான்.

எனக்குக் கவலையாக இருப்பது இந்த மூன்று மாதம் இல்லை, அதற்கு அப்புறம் வருவது. மகப்பேறு விடுப்பு 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது உண்டு. பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். நீங்கள் இரண்டு வாரம் மட்டும் எடுத்தால் பிள்ளை பிறந்தபின் 24 வாரம், அதாவது ஐந்தரை மாதம் சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம். அதன்பிறகு? கணவர் காலை ரயிலில் போய்விடுவார், நீங்கள் நாகர்கோவில் போய்விடுவீர்கள், தவழத் தொடங்கும் பிள்ளையின் பின்னால் அம்மாவால் ஓட முடியாது. ஆள் இல்லாமல் ஒரு நாளும் ஓடாத காலம் அப்போதுதான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் கை வறண்டுபோய், வழியில்லாமல் வேலையை விடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் 31,000 நின்றால் இந்த வீட்டுக் கணக்கு தாங்காது.

அதனால் 40 நாளுக்கு மட்டும் ஆள் வையுங்கள். உடம்பு ஆறுவதும், பால் நன்றாக ஊறுவதும், பகல் எது ராத்திரி எது என்று தெரியாமல் பிள்ளை உங்களை எழுப்புவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். ஏஜென்சி கணக்குப்படியே பார்த்தாலும் 40 நாளுக்கு 48,000. பதிவுக் கட்டணத்தோடு 60,000. குறையும் 11,000-ஐ முதல் மாத மிச்சத்திலேயே சமாளிக்கலாம், டெபாசிட் அப்படியே நிற்கும். மூன்று மாதத்துக்குக் குறைய முடியாது என்று அடம்பிடித்தால் வேறு இடம் பாருங்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஹோம் நர்ஸ் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் செக்கப் போகும் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ் அக்காக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், நல்ல ஆள் பலருக்கும் அப்படித்தான் அமைகிறது.

ஒப்பந்தத்தில் பணம் ஒழுகும் இடங்கள் இரண்டு. ஒன்று, தொடங்கும் நாள். டாக்டர் குறித்த தேதியிலேயே பிறக்கும் பிள்ளைகள் குறைவு. ‘15-ஆம் தேதி முதல்’ என்று எழுதிவிட்டால், பிரசவம் ஒரு வாரம் தள்ளினாலும் அந்த ஒரு வாரத்துக்குச் சம்பளம் ஓடும். சிசேரியன் என்றால் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்கள் வேறு. ‘டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து’ என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு, ஆள் பாதியில் போனால் என்ன? எத்தனை நாளில் மாற்று ஆள் வரும், வராவிட்டால் பதிவுக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு போன் எடுக்கமாட்டார்கள். மொத்தச் சம்பளத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், வாரா வாரம் கொடுங்கள். வருகிறவரின் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் ஏஜென்சியிடம் நேராகக் கேளுங்கள். 36,000-இல் அவருக்குப் பாதிதான் என்றால் அவர் 40 நாள் மனதோடு நிற்பது கடினம்.

‘நியூபார்ன் கேர் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற பெயருக்கு மயங்கிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பட்டத்தை யாரும் போட்டுக்கொள்ளலாம். நர்ஸ் என்று சொன்னால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். நர்ஸ் இல்லாவிட்டாலும் குறைவில்லை, பத்துப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த கை போதும். ஆனால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து காசநோய் இல்லை என்று பார்த்துவிடுங்கள், அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் கட்டணம் கட்டி, வேலைக்கு வருகிறவரைப் பற்றிய சரிபார்ப்பும் கேட்கலாம். பிள்ளை வாயில் தேன் தொட்டு வைப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது வேண்டாம் என்பதை முதல் நாளே அன்பாகச் சொல்லிவிடுங்கள். எடை பார்ப்பதும் தடுப்பூசியும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், அதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டோடு தங்குகிறவர் 24 மணி நேரமும் வேலை செய்கிறவர் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் பிள்ளையைத் தூக்கி உங்களிடம் பால் குடிக்கக் கொண்டுவந்து, பிறகு ஏப்பம் எடுத்துப் படுக்க வைக்கிறவர் பகலில் தூங்கியாக வேண்டும். அவர் தலையில் சமையலையும் துணி துவைப்பதையும் ஏற்றினால் பத்தாம் நாளே மூட்டை கட்டிவிடுவார், நியாயமும் அவர் பக்கம்தான். அவருக்கென்று கதவு சாத்திப் படுக்க ஒரு இடம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, நீங்கள் சாப்பிடும் அதே சாப்பாடு. இவற்றுக்கான செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆள் வைக்க வேண்டும். ஓய்வு நாள் ராத்திரிக்குக் கணவர் இருக்கட்டும். தனியார் கம்பெனிகளில் அப்பாவுக்கு விடுப்பு சட்டப்படி கட்டாயம் இல்லை என்றாலும் பல இடங்களில் கொடுக்கிறார்கள், இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் வேலைக்கு வருகிறவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரது வங்கிக் கணக்கில் சேர்ந்துகொள்ள உதவி, அந்த 20 ரூபாயை நீங்களே கொடுங்கள்.

அடுத்து, நீங்கள் வேலைக்குத் திரும்பும் பிள்ளையின் ஆறாம் மாதத்துக்கு வருவோம். குழந்தை பிறந்த அடுத்த மாதமே நகைச் சீட்டு முடிகிறது. புதுச் சீட்டு போடாதீர்கள். மிச்சம் 31,000 ஆகும். பிள்ளைச் செலவு மாதம் 8,000 போனாலும் 23,000 நிற்கும். பகலில் மட்டும் வந்து பார்க்கும் ஒருவருக்கு 14,000 என்று வைத்தாலும் தாராளமாக முடியும். நீங்கள் வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அவரை வரச் சொல்லுங்கள், பிள்ளை முகம் பழகட்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது, உங்கள் வங்கியில் அதற்கு என்ன ஏற்பாடு என்று எழுதிக் கேளுங்கள்.

பிள்ளை பிறந்ததும் கணவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கம்பெனி ஹெச்.ஆருக்கு மெயில் போட்டுக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்ப்பது. பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு நாள் கெடு உண்டு, எத்தனை நாள் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது கிடைக்கும் உங்கள் பிக்மி எண்ணையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும்.