ரோமில் இரண்டு நாள்தான் என்றால் ஃபோரத்தை விட்டுவிடலாமா?

அலுவலக வேலையாக மிலான் வருகிறீர்கள், வாரக் கடைசியில் பெற்றோரை அழைத்துக்கொண்டு ரோம் போகிறீர்கள், கையில் இரண்டே நாள். "கொலோசியம், பாந்தியன், திரெவி நீரூற்று போதுமா? ரோமன் ஃபோரம் வெறும் இடிந்த கற்கள்தானே, விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட்டுவிடாதீர்கள் தம்பி. நேரம் போதாவிட்டால் திரெவி நீரூற்றை விடுங்கள், ஸ்பானியப் படிக்கட்டை விடுங்கள், கடைவீதிப் பக்கமே போகாதீர்கள். பழைய ரோமின் கோவில்களும் செனட்டும் இருந்த நடுச் சதுக்கம்தான் ஃபோரம்; அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடுங்கள்.

"வெறும் கற்கள்தானே" என்பதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ரோமைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருந்த சில பக்கங்களை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, உனக்கு எந்த ஊர் பார்க்க வேண்டும் அம்மா என்று கேட்டான். பாரிஸ் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பான். நான் ரோம் என்றேன். அவனும் உங்களைப் போலத்தான், ஃபோரத்துக்கு அரை மணி நேரம் என்று திட்டம் போட்டு வைத்திருந்தான். "காலை முழுவதும் எனக்கு அங்கே வேண்டும். நீங்கள் இருவரும் வேண்டுமானால் சுற்றிவிட்டு வாருங்கள், நானும் அப்பாவும் இருந்துகொள்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அவனும் மருமகளும் கூடவே வந்தார்கள்.

கொலோசியத்தின் பக்கமிருந்து நுழைந்தால் முதலில் வருவது டைட்டஸ் வளைவு. வளைவின் உட்பக்கச் சுவரைப் பாருங்கள். பின்னாளில் பேரரசரான டைட்டஸின் படை கி.பி. 70இல் எருசலேமின் யூத ஆலயத்தை அழித்து எடுத்து வந்த பொருள்களை வீரர்கள் தோளில் சுமந்து வருகிறார்கள். நடுவில் ஏழு கிளை விளக்கு. அந்தப் போரின் கொள்ளைச் செல்வம் கொலோசியத்தின் கட்டுமானத்துக்கும் பயன்பட்டது. விளக்கைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினால் கொலோசியம் எதிரே நிற்கிறது. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்ப்பதற்கு முன்னால் அதை என் மாணவர்களுக்கு எப்படிப் புரியவைத்திருப்பேன் என்று தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் கொலோசியம் தனி, எருசலேம் தனி.

அங்கிருந்து இறங்கி நடந்தால் வலப்பக்கம் அந்தோனினஸ்–ஃபாஸ்டினா கோவில். அந்தோனினஸ் பயஸ் என்ற பேரரசர் இறந்துபோன தன் மனைவிக்காக 141இல் கட்டத் தொடங்கியது. பெரிய தூண்கள் அப்படியே நிற்கின்றன. தூண்களுக்குப் பின்னால் ஒரு கிறிஸ்தவத் தேவாலயம். அதன் கதவைப் பாருங்கள்: தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், கீழிருந்து ஏறப் படியே இல்லாமல் இருக்கிறது. ரோமப் பேரரசு வீழ்ந்த பிறகு ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டலும் இடிபாடுகளும் நூற்றாண்டு நூற்றாண்டாகக் குவிந்து ஃபோரம் மூடிப்போயிற்று. அதன் மேல் மாடுகள் மேய்ந்தன. 1602இல் தேவாலயத்தின் முகப்பைக் கட்டியபோது தரை அந்தக் கதவின் உயரத்தில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், கதவு மேலேயே நின்றுவிட்டது. அகழாய்வு என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இதை என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளியில் பேசிப் பழகிய குரல், சற்று உரக்கவே வரும். பின்னால் ஒரு குடும்பம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள், சுவிட்சர்லாந்தில் இருக்கிறார்களாம். அந்த அம்மா, "நீங்கள் ரீச்சரோ? நாங்களும் கூட வந்து கேட்கலாமோ?" என்றார். முன்பே ரோம் வந்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். அதன் பிறகு ஃபோரம் முழுவதும் சேர்ந்தே நடந்தோம். சீசரின் உடலை எரித்த இடத்தில் எழுந்த கோவிலின் மிச்சத்தில் யாரோ புதிய பூக்கள் வைத்திருந்தார்கள். அவர் கொல்லப்பட்டது கி.மு. 44இல். இன்றும் பூ வைக்கிறார்கள். செனட் கூடிய கூரியா கட்டடம் 7ஆம் நூற்றாண்டில் தேவாலயமாக மாறியதால் பிழைத்தது. சனி தேவன் கோவிலின் எட்டுத் தூண்கள், அதன் அருகில் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வளைவு. எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். என் மகன் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தான். அவன் என் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை. வேறு பள்ளியில் படித்தவன்.

ஒன்றை மட்டும் நம்மவர்கள் யாரும் பார்க்காமல் வரக்கூடாது. மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பொது மண்டபத்தின் மாபெரும் மூன்று வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அந்தக் கட்டடத்துக்கு அடியில் இருந்தது பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு. கருமிளகு எங்கிருந்து போயிற்று? சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து. யவனர், அதாவது கிரேக்க–ரோம வணிகர், கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூறு பாடுகிறது. அந்த மிளகு வந்து சேர்ந்த ஊரில், அதைக் குவித்து வைத்த இடத்தின் மேல் நிற்கிறோம். கி.பி. 408இல் விசிகோத் அரசன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது பொன், வெள்ளி, பட்டு இவற்றோடு 3,000 ராத்தல் மிளகையும் சேர்த்துத்தான் விலகிப் போவதற்கு விலை கேட்டான். முசிறி இன்று கேரளத்தில் அல்லவா இருக்கிறது என்று யாராவது வருவீர்கள். இருக்கட்டும். அந்தப் பாட்டு தமிழ்ப் பாட்டு.

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னொரு கோபமும் வருகிறது, சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பள்ளியில் டிசம்பர் பிறந்துவிட்டால் வரலாற்றுப் பாடவேளை எங்களுடையது இல்லை. "வரலாறுதானே டீச்சர், பிள்ளைகள் வீட்டிலேயே படித்துக்கொள்வார்கள், அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று தலைமையாசிரியர் ஆளனுப்புவார். கணக்கு ஆசிரியர்மீது எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கும் தேர்ச்சி விழுக்காட்டு நெருக்கடி. ஆனால் கொடுத்த பாடவேளை ஒரு முறைகூடத் திரும்பி வந்ததில்லை. உடற்கல்வி ஆசிரியருக்கும் ஓவிய ஆசிரியருக்கும் இதே கதைதான். அப்படிப் படித்து வந்த பிள்ளைகள் வளர்ந்து, லட்ச ரூபாய் செலவழித்து ரோம் வரை வந்து, இடிந்த கற்கள்தானே என்று கேட்கிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை தம்பி. உங்களுக்கும் யாரோ அந்த வகுப்பை எடுக்க விடவில்லை.

கொலோசியத்துக்கும் போங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கி.பி. 80இல் திறந்தார்கள். உள்ளே எல்லோரும் நடுவிலுள்ள நிலவறைகளைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் வெளியே வடக்குப் பக்க வளைவுகளின் தலையில் செதுக்கிய ரோம எண்களைத் தேடுங்கள். பார்வையாளர்கள் எந்த வாயிலில் நுழைய வேண்டும் என்பதற்கான எண்கள் அவை. சுவரெங்கும் உள்ள ஓட்டைகளைக் குண்டு துளைத்ததாக நினைக்க வேண்டாம். கற்களைப் பிணைத்த இரும்புக் கொக்கிகளை இடைக்காலத்தில் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

பாந்தியன் என்ற பழைய கோவிலுக்கு முக்கால் மணி நேரம் போதும், ஆனால் கட்டாயம் போங்கள். பேரரசர் ஹேட்ரியன் காலத்துக் குவிமாடம், குறுக்களவு 43 மீட்டருக்குச் சற்று மேல், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அவ்வளவே. கம்பி போடாத கான்கிரீட். மேலே போகப் போக எடை குறைந்த கல்லைக் கலந்து, உச்சியில் எரிமலை நுரைக்கல் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால்தான் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. உச்சித் திறப்பு வழியே மழை உள்ளே விழும். தரையில் நீர் வடியத் துளைகள் உண்டு.

வத்திக்கான் போகாமல் ரோமா என்று இங்கே கண்டிப்பாகக் கேட்பார்கள். வத்திக்கான் அருங்காட்சியகங்களுக்கு அரை நாளாவது வேண்டும், கேள்வி பழங்கால இடங்களைப் பற்றியது, கையில் இரண்டு நாள்தான். நாங்கள் போகவில்லை; எனக்கு அதில் குறை இல்லை. அடிமைகளை வைத்துக் கட்டிய பேரரசைப் புகழ்கிறாள் என்றும் சொல்வார்கள். டைட்டஸ் வளைவைப் பற்றி மேலே எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். இரண்டு நாளுக்கு எதற்கு ஐரோப்பா என்பவர்களுக்கு: விசாவில் பயணத் திட்டத்துக்கு ஒரு நாள் கூடுதலாகத் தரமாட்டேன் என்கிறார்கள், வேலை செய்யும் பிள்ளைகளுக்கு விடுப்பும் இல்லை. கிடைத்ததில்தான் பார்க்க முடியும்.

இனி உங்கள் பெற்றோருக்காக. கொலோசியம், ஃபோரம், அதை ஒட்டிய பாலத்தீன் குன்று மூன்றுக்கும் ஒரே டிக்கெட். நாங்கள் போனபோது சாதாரண டிக்கெட் 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும். கொலோசியத்துக்கு மட்டும்தான் குறித்த நேரம். ஃபோரத்துக்குள் ஒரு முறைதான் நுழையலாம், வெளியே வந்தால் மறுபடி விடமாட்டார்கள், எனவே கழிப்பறை, தண்ணீர் எல்லாம் பார்த்துக்கொண்டு போங்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். வாசலில் சுற்றுபவர்களிடம் வாங்காதீர்கள். நகரம் முழுவதும் தெருவோரக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டில் வாங்கத் தேவையில்லை.

ஃபோரத்தின் பாதை பழைய கருங்கல் பாளங்கள், மேடும் பள்ளமுமாக இருக்கும். செருப்பு உதவாது, அம்மாவுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுத்து வீட்டைச் சுற்றி நடந்து பழகச் சொல்லுங்கள். வெயில் காலமானால் காலை திறந்தவுடன் நுழைந்துவிடுங்கள், உள்ளே நிழல் குறைவு. முழங்கால் வலியால் அவரால் நடக்கவே முடியாது என்றால் கேபிடோலின் குன்றுக்கு டாக்சியில் போங்கள். நகராட்சிக் கட்டடத்தின் பக்கவாட்டில் சென்றால் ஃபோரம் முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம். டிக்கெட் கிடையாது. நீங்கள் கீழே போய்ப் பார்த்து வரும்வரை அவர்கள் குன்றின் மேலுள்ள சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.